எது எங்கிருந்து? பனிநாட்டுப் பிள்ளைகளின் பூட்ஸ்

கேள்வி: மகள் குடும்பம் டொரண்டோவில் இருக்கிறது. டிசம்பரில் நானும் போகிறேன். பேரனுக்கு ஐந்து வயது. “ஆச்சி, எனக்கு பூட்ஸ் வாங்கிட்டு வா” என்கிறான். நெல்லை டவுண் ரத வீதியிலோ வண்ணார்பேட்டையிலோ நல்ல தோல் பூட்ஸாகப் பார்த்து, வளர்கிற பிள்ளை என்பதால் கொஞ்சம் பெரிதாகவே வாங்கிப் போகலாமா? உள்ளே இரண்டு கம்பளிக் காலுறை போட்டுவிட்டால் குளிர் தாங்காதா?
ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பனிக்கால பூட்ஸை இங்கே வாங்க வேண்டாம், அம்மா. அங்கே போய், பேரன் காலில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். நம் ஊர் பூட்ஸ் மழையை மனதில் வைத்துச் செய்தவை. டொரண்டோவில் ஜனவரி இரவுகள் மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே போவது சாதாரணம். நடைபாதையில் உப்புத் தூவி உருக்கிய பனிச்சேறு கிடக்கும். தோல் அந்த உப்புத் தண்ணீரைக் குடித்து, வெளுத்து, வெடித்துவிடும்.

பூட்ஸ் சூடு தருவதில்லை. சூடு பிள்ளையின் ரத்தத்திலிருந்து வருகிறது. அது வெளியே ஓடிவிடாமல் பிடித்து வைப்பதே பூட்ஸின் வேலை. அப்படிப் பிடித்து வைப்பது கம்பளி இழைகளுக்கு நடுவே அசையாமல் அடைபட்டுக் கிடக்கும் காற்று. இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் பார்க்கும் கட்டடம் 1842 வாக்கில் ஐஸ் ஹவுஸாகக் கட்டப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியை மரத்தூள் பொதிந்து கப்பலில் ஏற்றினார்கள். மாதக்கணக்கில் வெயில் கடலைக் கடந்த பிறகும் அதில் பெரும்பகுதி கட்டியாகவே மதராஸில் இறங்கியது. மரத்தூளுக்குள் அடைபட்ட காற்று வெளிச்சூட்டை உள்ளே விடவில்லை. பூட்ஸுக்குள் அதே காற்று உள்சூட்டை வெளியே விடுவதில்லை.

இந்தக் காற்றுக்கு இரண்டு பகை உண்டு. முதலாவது நெருக்கம். இரண்டு காலுறையைத் திணித்தால் இழைகள் நசுங்கிக் காற்று போய்விடும். பாதமும் இறுகி, விரல்நுனிக்கு ரத்தம் ஓடுவது குறையும். இரண்டு காலுறை போட்ட பிள்ளைதான் முதலில் “கால் மரத்துப் போச்சு” என்று அழும். இரண்டாவது ஈரம். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பனி உருகி உள்ளே போனாலும் சரி, ஓடி விளையாடி வியர்த்தாலும் சரி, ஈரம் ஈரம்தான். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அங்கே அது ஆகாது. கம்பளிக் காலுறை ஒன்று போதும்.

கடைக்குப் போகும்போது அந்தக் காலுறையையும் எடுத்துப் போங்கள். சாயங்காலமாகப் போங்கள், பகலெல்லாம் ஓடிய கால் சற்றுத் தடித்திருக்கும். பூட்ஸின் உள்ளட்டையை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் பேரனை நிற்கச் சொல்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒன்றரை வரை இடம் வேண்டும். பக்கவாட்டில் பாதம் அட்டைக்கு வெளியே வழியக் கூடாது. பூட்ஸின் முனையை அமுக்கிப் பார்ப்பதை நான் நம்ப மாட்டேன்; பெரியவர்கள் அமுக்கும்போது பிள்ளைகள் விரலை மடக்கிக்கொள்வார்கள். ஒன்றரைக்கு மேலும் இடம் இருந்தால் குதிகால் தூக்கிக்கொண்டு தடுக்கும். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இருக்கிற சூடான காற்று வெளியேறிக் குளிர்காற்று புகும். மூன்றிலிருந்து ஆறு வயதுவரை பாதம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. ஆகவே டிசம்பரில் வாங்கியது பனி முடியும்வரை தாராளமாக வரும். அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று வாங்கினால் இரண்டு வருஷமும் சரியாக இராது.

எண்ணிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. நம் கடைகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் எண், கனடாவில் அமெரிக்க எண். இங்கே பிள்ளைகளுக்கான 10 அங்கே ஏறத்தாழ 11. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்தக் காலத்து ஆங்கிலேயர் ஒரு வாற்கோதுமை மணியின் நீளத்தை வைத்துக் கணக்கிட்டது இன்றும் நம் பிள்ளைகள் காலில் இருக்கிறது. அந்த எண் நீளத்தை மட்டும்தான் சொல்லும், அகலத்தைச் சொல்லாது. நமக்கு இடிக்கிற இடம் அதுதான். அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம் என்று அதில் தெரிந்தது. அதன் அடிப்படையில் ‘பா’ என்ற பெயரில் இந்தியாவுக்கென்று ஓர் அளவுமுறையும் உருவாக்கப்பட்டது. பேரன் எந்த ஊரில் பிறந்திருந்தாலும் கால் நம் வீட்டுக் காலாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கடையில் அகலமான வகையைக் கேட்டு வாங்குங்கள்.

அடிப்பக்கம் ரப்பராக இருக்கட்டும். உள்ளே இருக்கும் கம்பளி உறை தனியாகக் கழற்றி உலர்த்தும்படி இருக்கட்டும். கயிறு வேண்டாம், ஒட்டும் பட்டை போதும். பள்ளியில் இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை முடிச்சுப் போட முடியாது. பெட்டியில் மைனஸ் 30, மைனஸ் 40 என்று அச்சிட்டிருப்பார்கள். எல்லா நிறுவனங்களும் ஒரே விதமாகச் சோதித்துப் போட்ட எண் அல்ல அது. ஓடியாடும் காலுக்குச் சொன்னது, தள்ளுவண்டியில் சும்மா உட்கார்ந்திருக்கும் காலுக்குப் பொருந்தாது.

உங்கள் கையால் ஏதாவது வாங்கிப் போகத்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. கனடாப் பள்ளிகளில் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, வகுப்புக்குள் போட வேறொரு ஷூ வைத்திருக்கச் சொல்வார்கள். அதை இங்கே வாங்கலாம். பேரனைக் காகிதத்தின்மேல் நிற்க வைத்து, குதிகாலிலிருந்து விரல்நுனிவரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து மகள் சொல்லட்டும்.

கேள்வி: குளிருக்கான பூட்ஸை முதன்முதலில் செய்தது யார்?
ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: முதலில் செய்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் மிகப் பழைய ஒரு ஜோடி நம் கைக்குக் கிடைத்திருக்கிறது. 1991 செப்டம்பரில் ஆஸ்திரியா–இத்தாலி எல்லையில், ஆல்ப்ஸ் மலையின் பனிக்குள்ளிருந்து சுமார் 5300 ஆண்டுக்கு முந்தைய மனிதர் ஒருவரின் உடல் வெளிப்பட்டது. ஓட்ஸி என்று பெயரிட்டார்கள். அவர் காலணியின் அடி கரடித்தோல், மேல்பகுதி மான்தோல். உள்ளே மரநாரில் பின்னிய ஒரு வலை. அந்த வலை பிடித்துக்கொண்டிருந்தது காய்ந்த புல்லை. கம்பளி இல்லை, ரப்பர் இல்லை; புல்லுக்குள் நின்ற காற்றை நம்பி அவர் பனிமலை ஏறியிருக்கிறார்.

செக் நாட்டின் ஸ்லீன் நகரப் பல்கலைக்கழகத்தில் பெட்ர் ஹ்லவாச்செக் என்ற பேராசிரியர் அதே பொருள்களைக் கொண்டு அதே மாதிரி காலணி செய்தார். போட்டுக்கொண்டு மலையேறிப் பார்த்தார்கள். கால் சூடாக இருந்தது, கொப்புளமும் வரவில்லை. ஸ்லீன் நமக்கு அந்நியமான ஊர் அல்ல. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நம்மில் பலர் போட்ட கறுப்பு ஷூவின் பாட்டா நிறுவனம் 1894-இல் தொடங்கியது அங்கேதான்.

வட ஸ்காண்டிநேவியாவின் சாமி மக்கள் துருவமான் தோல் பூட்ஸுக்குள் கோரை இனத்துப் புல்லை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். இரவில் புல்லை வெளியே எடுத்து உதறி உலர்த்தி, காலையில் மறுபடியும் அடைப்பார்கள். 1911 டிசம்பரில் தென்துருவத்தை முதலில் தொட்ட அமுண்ட்சென் குழுவும் பூட்ஸுக்குள் இந்தப் புல்லைத்தான் வைத்திருந்தது. வடதுருவத்து இன்யூட் பெண்கள் கடல்நாய்த் தோலில் பூட்ஸ் தைத்தார்கள். தண்ணீர் புகாத தையலுக்கு அவர்கள் கண்ட வழியை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பு அடங்குவதில்லை: ஊசி தோலின் பாதிக் கனத்துக்குள்ளேயே போய்த் திரும்பிவிடும், மறுபக்கம் துளையே விழாது. குழந்தையின் கால் நனைந்தால் விரல் போய்விடும் என்கிற ஊரில் அந்தத் தையல் உயிர்காக்கும் வித்தை.

நமக்கு நெருக்கமான ஒன்றும் இருக்கிறது. காரும் பிசானமுமாக நெல் விளைகிற தாமிரபரணிக் கரையில் வைக்கோல் மாட்டுக்கும் கூரைக்கும் போனது. ஜப்பானின் பனி ஊர்களில் அதே நெல் வைக்கோலைப் பின்னி முழங்கால்வரை வரும் பூட்ஸ் செய்தார்கள், பிள்ளைகளுக்கும் சேர்த்து. காஷ்மீரிலும் வைக்கோல் காலணி உண்டு, ‘புல்ஹோர்’ என்பார்கள். வைக்கோல் தாள் ஒவ்வொன்றும் உள்ளே வெற்றாக இருக்கும் குழாய். பின்னலுக்கு நடுவிலும் காற்று, தாளுக்கு உள்ளேயும் காற்று.

கேள்வி: சங்க காலத் தமிழர் காலை மூடும் காலணி போட்டார்களா?
ஒரு மாணவி, வீரவநல்லூர்

பதில்: போட்டார்கள். பெரும்பாணாற்றுப்படையில் காட்டுவழியே போகும் வணிகர்கள் சட்டை அணிந்து, பாதத்தை மறைக்கும் காலணியும் போட்டிருக்கிறார்கள். குளிருக்காக அல்ல, முள்ளுக்கும் பரல் கல்லுக்கும் அஞ்சி.

கேள்வி: ரப்பர் பூட்ஸை ‘வெலிங்டன்’ என்கிறார்களே, குன்னூர் பக்கத்து வெலிங்டனுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
ஒரு வாசகர், சேரன்மகாதேவி

பதில்: இரண்டும் ஒரே மனிதரின் பெயர். ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபு. 1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் இறந்தபோது கம்பெனிப் பக்கம் நின்ற படைத்தலைவர்களில் ஒருவர். திப்புவை முடித்த கையோடு கம்பெனி தெற்கே திரும்பியது. அதே வருடம் அக்டோபர் 16-இல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். நெல்லைக்காரர்கள் அந்த ஆண்டை வேறு எப்படியும் நினைக்க முடியாது.

வெலிங்டன் லண்டனில் ஹோபி என்ற செருப்புத் தொழிலாளியிடம் கன்றுத்தோலில் எளிமையான ஒரு பூட்ஸ் செய்துகொண்டார். 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றதும் ஊரே அதைப் போட ஆசைப்பட்டது. அது ரப்பராக மாறியது பிறகு. பச்சை ரப்பர் வெயிலில் பிசினாகும், குளிரில் விறைத்து நொறுங்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இரண்டையும் தாங்கும் என்று கண்டார். 1853-இல் பிரான்சில் ஹிராம் ஹட்சின்சன், 1856-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஹென்றி லீ நாரிஸ் என்று அமெரிக்கர் இருவர் ரப்பர் பூட்ஸ் ஆலைகளைத் தொடங்கினார்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழித் தண்ணீரில் நாள்கணக்கில் நின்ற வீரர்களுக்குப் பாதம் அழுகியது. உறைபனிகூட வேண்டியதில்லை, குளிர்ந்த ஈரமே போதுமாக இருந்தது. பிரிட்டிஷ் படை அந்த எடின்பரோ ஆலையிலிருந்து பத்து லட்சம் ஜோடிக்கு மேல் வாங்கியது.

ரப்பருக்கு ஒரு குறை உண்டு. வெளி ஈரத்தைத் தடுப்பதுபோலவே உள் வியர்வையையும் அடைத்து வைக்கும். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் லியன்வுட் பீன் என்ற வேட்டைக்காரர் அடியில் ரப்பரும் மேலே தோலும் வைத்துத் தைத்து, 1912-இல் முதல் 100 ஜோடிகளை விற்றார். தையல் விட்டுப்போய் 90 ஜோடிகள் திரும்பி வந்தன. எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கித் திருத்திச் செய்தார். 1962-இல் டொரண்டோவுக்கு மேற்கே கிச்சனர் நகரின் காஃப்மன் நிறுவனம் இந்த அமைப்போடு கழற்றக்கூடிய கம்பளி உறையைச் சேர்த்து ‘சொரல்’ என்று விற்றது. பாளையங்கோட்டை அம்மா டொரண்டோ கடைகளில் பார்க்கப்போகும் பிள்ளைகள் பூட்ஸில் பல இந்த வழியில் வந்தவை.

கேள்வி: மலைப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். அடைமழை மாதங்களில் பிள்ளைகளின் பூட்ஸ் ஒரே இரவில் காய்வதில்லை. அடுப்புப் பக்கத்தில் வைத்தால் வெடித்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
ஓர் ஆசிரியை, கல்லிடைக்குறிச்சி

பதில்: உங்கள் கேள்விதான் இந்த மாதம் எனக்கு மிக முக்கியமானதாகப் பட்டது. தமிழ்நாட்டில் பனி பெய்யாது. ஆனால் மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, ஊத்து போன்ற இடங்கள் மாநிலத்திலேயே அதிக மழை பெறும் இடங்களில் சேர்ந்தவை. அங்கே ஈரமும் அட்டையும் குளிரும் ஒன்றாக வரும். ஒடுக்கப்பட்ட சாதியினர் ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்று வற்புறுத்திய கிராமங்கள் தமிழ்நாட்டில் நம் காலத்திலும் இருந்திருக்கின்றன. அந்த மண்ணில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2012-13 முதல் விலையில்லாக் காலணி கிடைக்கிறது. மலைப்பகுதிப் பள்ளிகளில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்குக் கணுக்கால்வரை வரும் பூட்ஸ், காலுறை, மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை எல்லாம் தருகிறார்கள். இதைப் பெரிய காரியமாகவே நான் நினைக்கிறேன். கிடைத்தது உலர்ந்த காலணியாகவும் இருக்க வேண்டும்.

அடுப்பிலிருந்து எட்டவே வையுங்கள். உள்ளட்டையை உருவித் தனியாகக் காயப் போடுங்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கி, விரல் முனைவரை போகும்படி தளர்வாக அடையுங்கள். இரண்டு மணி நேரத்தில் அது நனைந்துவிடும். எடுத்துவிட்டு வேறு அடையுங்கள். முதல் மாற்றல்தான் முக்கியம், நனைந்த தாளை இரவு முழுக்க உள்ளேயே விட்டால் பலன் இல்லை. பூட்ஸை வாய் கீழாகச் சாய்த்து, காற்று ஓடும் ஜன்னல் பக்கம் வையுங்கள். பிள்ளைகள் பையில் ஒரு ஜோடி காலுறை கூடுதலாகக் கொண்டுவந்தால் பள்ளிக்கு வந்ததும் மாற்றிவிடலாம். வகுப்புக்குள் பூட்ஸைக் கழற்றச் சொல்லுங்கள். வெறுங்காலோடு இருப்பது வளரும் பாதத்துக்கு நல்லது. 1992-இல் ராவ், ஜோசப் என்ற மருத்துவர்கள் நம் நாட்டுப் பிள்ளைகள் 2300 பேரைப் பார்த்ததில், காலணி போடாத பிள்ளைகளைவிடப் போடுகிறவர்களிடம் தட்டைப்பாதம் அதிகமாக இருந்தது. மூடிய ஷூ போட்டவர்களிடம் எல்லாரையும்விட அதிகம். காட்டுவழியில் பூட்ஸ், வகுப்பில் காய்ந்த பாயின்மேல் வெறுங்கால் என்று வைத்துக்கொண்டால் பாதத்துக்கும் நல்லது, பூட்ஸுக்கும் காய நாலைந்து மணி நேரம் கிடைக்கும்.