ஸ்டெப்னியில் காற்று இருக்கா?

தங்கச்சி,

"எங்க பாய்லருக்கு ரெண்டு பி.எல்.சி. கன்ட்ரோலர் இருக்குக்கா. ஒண்ணு போனா இன்னொண்ணு பார்த்துக்கும்" என்று போனில் பெருமையாகச் சொன்னாய். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஒரு நைட் ஷிப்ட் வரைக்கும்.

பேனல் ஃபேனை மாற்ற எலக்ட்ரீஷியன் ஒரு எம்.சி.பி. சுவிட்சை இறக்கினார். கன்ட்ரோல் ரூம் திரையில் இருந்த எண்களெல்லாம் ஒரே நொடியில் நட்சத்திரக் குறிகளாயின. ஓடிப்போய்ப் பார்த்தால் பிரைமரி, ஸ்டாண்ட்பை என்ற இரண்டு பி.எல்.சி. ராக்கிலும் ஒரு பச்சை விளக்குகூட இல்லை. ஃபேன், இரண்டு ராக் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எம்.சி.பி.! எரிபொருள் வால்வு மூடி, பாய்லர் ட்ரிப் ஆனது. மறுபடி ஸ்டீம் எடுக்கும்போது விடிந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் பார்க்கிற விஷயங்களைச் சொல்கிறேன், நோட்டில் எழுதிக்கொள்.

1. ஒயரோடு போ. டிராயிங்கை மட்டும் நம்பாதே. ஒவ்வொரு ராக்கின் பவர் சப்ளையிலிருந்தும் பின்னாலேயே போய், எந்த எம்.சி.பி., எந்த யூ.பி.எஸ். என்று நேரில் பார். இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்தால் அந்த இடம்தான் உன் பலவீனம். நெட்வொர்க் கேபிளும் அப்படியே. இரண்டு கேபிளும் ஒரே ட்ரேயில் போனால் ஒரு எலி போதும்.

2. எத்தனை மில்லி செகண்ட் என்று கேள். ஸ்டோரில் பெட்டிக்குள் இருப்பது கோல்டு ஸ்டாண்ட்பை. பிரைமரியோடு கூடவே ஓடி, டேட்டாவை உடனுக்குடன் வாங்கிக்கொள்வது ஹாட் ஸ்டாண்ட்பை. அதிலும் வித்தியாசம் உண்டு. சீமென்ஸ் எஸ்7-1500 வரிசையில் ஆர் வகை கைமாற ஏறக்குறைய 300 மில்லி செகண்ட் எடுக்கும். ஃபைபரில் இணைந்த எச் வகைக்கு 50 போதும். தண்ணீர்த் தொட்டிக்கு 300 தாராளம், டர்பைன் வேகத்துக்கு ஆகாது. அவுட்புட் கார்டின் காத்திருப்பு நேரத்தையும் பார். கைமாறும் நேரத்தைவிட அது குறைவாக இருந்தால், புது கன்ட்ரோலர் வருவதற்குள் வால்வு மூடிவிடும்.

3. சிங்க் விளக்கைத் தினமும் பார். பிரைமரியோடு ஸ்டாண்ட்பைக்கு இருக்கும் சிங்க் (ஒத்திசைவு) விட்டுப்போனாலும் பிளான்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் அந்த அலாரத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. ஷிப்ட் ஏறியதும் பேனல் கதவைத் திறந்து ஒரு பார்வை பார். ஸ்டோரிலிருந்து புது கார்டு எடுத்துப் போட்டால், ஃபர்ம்வேர் எண்ணும் ஸ்லாட்டும் ஜோடியோடு பொருந்துகிறதா என்று சரிபார். பொருந்தாவிட்டால் சிங்க் ஆகாமல் அடம்பிடிக்கும்.

4. புரோகிராம் தப்பென்றால் இரண்டும் தப்பு. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து கிளம்பிய முதல் ஏரியன்-5 ராக்கெட்டில், திசை கணிக்கும் கருவி இரண்டு இருந்தன. இரண்டிலும் ஒரே மென்பொருள். 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் அடக்கப் பார்த்து முதலில் படுத்தது ஸ்டாண்ட்பைதான். 72 மில்லி செகண்டுக்குள் மற்றதும் அதே காரணத்தால் படுத்தது. கிளம்பி 40 செகண்டுக்குள் ராக்கெட் சிதறியது. நீ டவுன்லோடு செய்யும் தப்பான லாஜிக்கும் அப்படித்தான் ஸ்டாண்ட்பைக்குப் போய்ச் சேரும். அதனால் மாற்றம் செய்வதற்கு முன் பழைய புரோகிராமைத் தேதி போட்டுத் தனியாக எடுத்து வை.

5. நீயே கைமாற்றிப் பார். ஷட்டவுன் சமயத்தில் பர்மிட் வாங்கி, ஆப்பரேட்டரிடம் சொல்லிவிட்டுச் செய். முதலில் கட்டளை கொடுத்து மாற்று. அடுத்த முறை பிரைமரியின் பவரையே நிறுத்திப் பார். ஒரு பக்கம் போனதோடு விட்டுவிடாதே, திரும்பி வருகிறதா என்றும் பார். எந்த வால்வு துள்ளியது, எத்தனை நேரம் ஆனது என்று லாக் புக்கில் எழுது.

டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறது என்று நிம்மதியாக ஊருக்குக் கிளம்பி, வழியில் பஞ்சர் ஆன பிறகு அதில் காற்றில்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்?

அடுத்த முறை போன் பண்ணும்போது "ரெண்டு பி.எல்.சி. இருக்கு" என்று சொல்லாதே. இரண்டின் எம்.சி.பி. நம்பரையும் சொல்லு.

அக்கா