பாம்பெர்க்கில் குவளையை எடுக்கும் முன்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்து வட பகுதிக்கு ஃபிராங்கோனியா என்று பெயர். அங்கே பீர் ஆலை என்பது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் வீடு. முன்னால் சாப்பாட்டுக் கடை, பின்னால் கொப்பரை, மாடியில் தங்கும் அறைகள். ஔஃப்ஸெஸ் என்ற சிற்றூரில் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு நான்கு ஆலைகள் உண்டு. மக்கள்தொகைக்கு ஏற்ற ஆலைகளின் எண்ணிக்கையில் உலகில் முதலிடம் என்று 2000-இல் அதற்குக் கின்னஸ் சான்று கிடைத்தது. இந்த வட்டாரத்து பீரைச் சுவைத்து எழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த பீர் பெரிய ஆலைகளின் பீரைப் போல எங்கும் ஒரே மாதிரி கிடைக்கும் பண்டம் அல்ல. அந்த ஊர்க்காரர் தினமும் குடிப்பதற்காகக் காய்ச்சியது. அதை மறந்து எழுதப்பட்ட மதிப்புரைகளைப் படித்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

செய்ய வேண்டியவை

ஆலை இருக்கும் இடத்துக்கே போய்க் குடியுங்கள். இதே வட்டாரத்துப் பாம்பெர்க் நகரின் ஷ்லெங்கெர்லா கடையைப் பற்றிய பதிவு 1405-இலிருந்தே இருக்கிறது. அங்கே புகை மணம் ஏறிய ‘புகை பீரை’ மரப் பீப்பாயிலிருந்து நேரே குவளைக்கு இறக்குகிறார்கள். வாயு அழுத்தித் தள்ளுவதில்லை. அதே பீர் புட்டியில் வரும்போது குமிழி கூடி, நாக்கில் வேறு மாதிரி உட்காரும். புட்டியைக் குடித்தால் புட்டியைக் குடித்தேன் என்றே எழுதுங்கள்.

அந்த பீர் என்னவாக இருக்க நினைக்கிறது என்று முதலில் கேட்டறியுங்கள். அதே ஊரின் மார்ஸ் பிராய் ஆலையில் ஒரு ‘ஊ’ என்று கேட்டால் போதும், ‘உன்கெஷ்புண்டெட்’ வகை பீர் வரும். அடைக்காதது என்று பொருள். முதிரும் காலத்தில் தொட்டியை இறுக மூடாமல் விடுவதால் வாயு வெளியேறிவிடும். பீர் கலங்கலாக, மெதுவாக, வயிற்றை உப்ப வைக்காமல் இறங்கும். ‘குமிழி இல்லை, சப்பென்று இருக்கிறது’ என்று இதற்கு மதிப்பெண் குறைப்பது, இடியாப்பம் மொறுமொறுப்பாக இல்லை என்று குறை சொல்வதற்குச் சமம்.

இலேசானதில் தொடங்கி, புகையைக் கடைசிக்கு வையுங்கள். ஒருமுறை காலையிலேயே புகை பீர் குடித்துவிட்டு, மதியம் வேறோர் ஆலையின் பில்ஸ்னரைச் சுவைத்தேன். ஹாப்ஸின் கசப்பே இல்லை என்று குறித்து வைத்தேன். மறுநாள் வெறும் நாக்கோடு போய்க் குடித்தபோது அதே பீரில் அருமையான மூலிகைக் கசப்பு இருந்தது. முந்தைய நாள் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

புகை பீரை மட்டும் முழுக் குவளை குடித்துவிட்டுப் பேசுங்கள். மற்றவற்றுக்கு 100 மில்லி போதும். இதற்குப் போதாது. பார்லி முளையைப் பீச் மர நெருப்பில் உலர்த்துவதால் வரும் புகை அது. ஒரு காலத்தில் பெரும்பாலும் முளையைத் திறந்த நெருப்பில்தான் உலர்த்தினார்கள். புகை படாமல் உலர்த்தும் சூளைகள் வந்தபின் மற்ற ஊர்களில் அந்த மணம் பெரும்பாலும் மறைந்தது. பாம்பெர்க்கில் ஷ்லெங்கெர்லாவும் 1536 முதல் இருக்கும் ஷ்பெட்ஸியாலும் அதை விடவில்லை. முதல் வாயில் புகை தவிர வேறெதுவும் தெரியாது. மூக்கு பழகப் பழகப் புகை பின்வாங்கும். பாதிக் குவளையில் முளையின் இனிப்பும், அடியை நெருங்கும்போது கசப்பும் மேலெழும். ஒரு மிடறு குடித்து, முகம் சுளித்து எழுதியவர் புகையை மட்டுமே மதிப்பிட்டிருக்கிறார்.

மணத்துக்கு உங்கள் வீட்டுச் சொல்லையே எடுங்கள். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். புகை பீரைப் பற்றி எழுதுகிற மேற்கத்தியர் எல்லோரும் புகையூட்டிய பன்றி இறைச்சி என்பார்கள். அதைச் சாப்பிட்டே இராதவர் அந்தச் சொல்லைக் கடன் வாங்க வேண்டியதில்லை. எனக்கு அது மாசிக் கருவாடு. சூரை மீனை அவித்து, புகையிட்டு, வெயிலில் காயவைத்த அதே வாடை. ஷ்பெட்ஸியாலில் புகை இன்னும் மெல்லியது, விறகடுப்பில் காய்ச்சிய பாலில் ஏறும் புகை போல. கருப்பட்டி, காய்ந்த வைக்கோல், வறுத்த பொட்டுக்கடலை, ரொட்டியின் கருகிய ஓரம் என்று உங்கள் மூக்கு எதை நினைவூட்டுகிறதோ அதை எழுதுங்கள். படிக்கிறவருக்கு உடனே புரியும்.

இடையிடையே தண்ணீரும் வெறும் ரொட்டியும். அத்தர், ஊறுகாய், காபி வேண்டாம். குவளையின் உட்சுவரில் குமிழிகள் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தால் அது சரியாகக் கழுவப்படவில்லை, மாற்றித் தரச் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

காரமான, 10 சதவீத ஆல்கஹால் உள்ள கறுப்பு பீரின் பக்கத்தில் வைத்து இவற்றை அளக்காதீர்கள். ஷ்லெங்கெர்லாவின் ‘மெர்ட்சன்’ புகை பீர் 5.1 சதவீதம்தான். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பேசிக்கொண்டே குடிப்பதற்கு ஏற்ற அளவு அது. உரக்கப் பேசும் பீருக்கே அதிக மதிப்பெண் தரும் பழக்கம் நல்ல எளிய பீர்களுக்குப் பெரும் அநீதி செய்திருக்கிறது.

காரணம் தெரியாமல் காரணம் எழுதாதீர்கள். ஷ்லெங்கெர்லாவின் ‘ஹெல்லெஸ்’ வெளிர் பீரிலும் இலேசான புகை தெரியும். புகை முளை கொஞ்சம் சேர்த்திருக்கிறார்கள் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். சேர்ப்பதே இல்லை. அதே கொப்பரையும் அதே ஈஸ்ட்டும் கொண்டுவரும் புகை அது. இன்னொன்று: வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் கோதுமை பீரில் ஈஸ்ட் தரும் அழகு. அதே கிராம்பு லாகரில் வந்தால் பிழை.

கடை அலமாரியில் கெட்டதை ஆலையின் கணக்கில் எழுதாதீர்கள். பச்சைப் புட்டியோ நிறமில்லாப் புட்டியோ வெளிச்சத்தில் நின்றால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கந்தக நெடி வரும். பழுப்புப் புட்டி ஓரளவு காக்கும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் பீர் பழசு. தேதியைப் பாருங்கள்.

ஒரே ஒரு குவளையை வைத்து ஒரு குடும்பத்தின் தொழிலுக்குத் தீர்ப்பு சொல்லாதீர்கள். வெண்ணெய் வாடையோ பச்சை ஆப்பிள் வாடையோ வந்தால், பீர் முதிரும் முன் தொட்டி திறக்கப்பட்டிருக்கலாம். காய்ச்சியவரிடமே சொல்லுங்கள், இன்னொரு நாள் மீண்டும் குடித்துப் பாருங்கள். அப்போதும் அதே குறை இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். நல்லது செய்கிறோம் என்று பொய்யாகப் புகழ்வதும் அந்த ஆலைக்கு உதவாது.

வண்டி ஓட்டாதீர்கள். ஔஃப்ஸெஸின் நான்கு ஆலைகளையும் சுமார் 14 கிலோமீட்டர் நடைபாதை இணைக்கிறது, நடந்தே போகலாம். நான்கிலும் முழுக் குவளை வேண்டாம். அரைகுறையாக நுரையோடு ஊற்றும் ‘ஷ்னிட்’ கேட்டால் தருவார்கள்.

‘ஷ்டாம்டிஷ்’ என்று பலகை வைத்த மேசையில் உட்காராதீர்கள், அது ஊர்க்காரர்களின் நிரந்தர இடம். மற்ற மேசைகளில் இடம் காலியா என்று கேட்டுவிட்டு, முன்பின் தெரியாதவர் பக்கத்தில் தாராளமாக உட்காரலாம். நோட்டை உடனே எடுக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் இந்த பீரை நாற்பது வருடமாகக் குடிப்பவராக இருக்கலாம். இந்த முறை எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். போன மாதத்தைவிடக் கசப்பு ஒரு சொட்டு கூடியிருக்கிறது என்பார். பிறகு உங்கள் குவளையை எடுத்து, அந்தச் சொட்டைத் தேடுங்கள்.