ரூபியில் ஃபேக்டரிகள் எங்கே போயின?

கேள்வி: ஜாவாவிலிருந்து ரூபிக்கு மாறியிருக்கிறேன். அங்கே ‘நியூ’ முன்னால் வரும். இங்கே கிளாஸின் பெயருக்குப் பிறகு புள்ளி வைத்து வருகிறது. ஏன்? ஜாவாவில் திரும்பிய பக்கமெல்லாம் இருந்த ஃபேக்டரிகளையும் இங்கே காணோமே?
– வாசகர், திருச்சி

பதில்: முன்னால் வரும் நியூதான் மூத்தது. ஓஸ்லோவில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியிலேயே அது உண்டு. அங்கே நியூ மொழியின் இலக்கணத்தில் சேர்ந்த சொல். நிரல் எழுதுகிறவர் அதில் கைவைக்க முடியாது. சி++, ஜாவா இரண்டும் அந்த வழி வந்தவை.

ரூபியின் வழி வேறு. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பிறந்த ஸ்மால்டாக்கில் கிளாஸும் ஓர் ஆப்ஜெக்ட். அதற்கு ‘நியூ’ என்று செய்தி அனுப்பினால் புது ஆப்ஜெக்ட் கிடைக்கும். யுகிஹிரோ மாட்சுமோட்டோ 1993-ல் தொடங்கி 1995-ல் வெளியிட்ட ரூபி இதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆகவே ரூபியில் நியூ வெறும் மெத்தட். அது முதலில் ‘அலோகேட்’டைக் கூப்பிட்டு வெற்று ஆப்ஜெக்ட் ஒன்றை வாங்கும், பிறகு ‘இனிஷியலைஸ்’ அதை நிரப்பும். இனிஷியலைஸ் எதைத் திருப்பித் தந்தாலும் நியூ சட்டை செய்யாது. ஆப்ஜெக்டைத்தான் உங்களிடம் கொடுக்கும். மெத்தட்தானே, மறைக்கவும் செய்யலாம்: ரூபியோடு வரும் சிங்கிள்டன் மாட்யூல் நியூவை பிரைவேட் ஆக்கிவிடுகிறது.

இனி ஃபேக்டரி. காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசிடெஸ் நால்வரும் 1994-ல் வெளியிட்ட டிசைன் பேட்டர்ன்ஸ் நூல் இதைப் பரப்பியது. எந்த கிளாஸிலிருந்து ஆப்ஜெக்ட் வேண்டும் என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியும் என்றால் என்ன செய்வது? சி++ போன்ற மொழியில் கிளாஸையே தூக்கி இன்னொருவர் கையில் கொடுக்க முடியாது. ஆப்ஜெக்டை உருவாக்கித் தருவதற்கென்றே இன்னொரு கிளாஸ் எழுத வேண்டும். அதுதான் ஃபேக்டரி. ரூபியில் கிளாஸையே ஆர்கியுமென்ட்டாக அனுப்பலாம். வாங்கியவர் அதன் நியூவைக் கூப்பிட்டால் வேலை முடிந்தது. கோப்பு வகைக்கு ஒன்றாக கிளாஸ்களை ஒரு ஹாஷில் போட்டு வைத்தாலும் போதும். ரூபி நிரலில் ‘ஃபேக்டரி’ என்று முடியும் பெயரைப் பார்த்தால், ஜாவாக்காரர் யாரோ வந்துபோயிருக்கிறார் என்றே நினைத்துக்கொள்வேன்!

ஆனால் அடியோடு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். டைம் கிளாஸின் ‘நவ்’, ‘அட்’ இரண்டும் ஃபேக்டரிகளே. பெயர்ப்பலகை மாட்டவில்லை, அவ்வளவுதான். உங்கள் ஆப்ஜெக்டும் பல வழிகளில் பிறக்கும் என்றால் இனிஷியலைஸுக்குள் இஃப், எல்ஸ் அடுக்காதீர்கள். வழிக்கு ஒரு கிளாஸ் மெத்தட் எழுதி, நியூவை பிரைவேட் ஆக்கிவிடுங்கள்.