பிரசவத்தின்போது கருப்பைக்கு ஓய்வு தரும் மருந்து

வலி ஓங்க வேண்டும், பிள்ளை விரைந்து பிறக்க வேண்டும் என்பதே தோட்டப்புறப் பெரியோர்களின் விருப்பமாகும். வலி ஓங்காமல் பிள்ளை பிறவாது என்பது உண்மையே. ஆயினும், நிறைமாதத்தில் வலி கண்டு மருத்துவமனையை அடைந்த தாய்க்கு, வலி வருவதைக் குறைக்கும் மருந்தை மருத்துவர் கொடுக்க நேர்வதும் உண்டு. பிறக்கும் பிள்ளையைத் தடுக்கிறார்களோ என்று உறவினர் கலங்க வேண்டியதில்லை. பிள்ளையின் உயிரைக் காக்கவே அம்மருந்து கொடுக்கப்படுகிறது.

குழந்தை மூச்சுப் பெறும் இடைவேளை

கருப்பை தசையாலான உறுப்பு. அது இறுகிச் சுருங்குவதையே பிரசவ வலி என்கிறோம். தாயின் இரத்தத்திலுள்ள உயிர்வளி நச்சுக்கொடியின் வழியாகக் குழந்தையை அடைகிறது. கருப்பை இறுகும்போது அங்குப் பாயும் இரத்தம் குறைகிறது. தளரும்போது மீண்டும் பெருகுகிறது. நீரில் மூழ்கி எழுபவர் இடையிடையே தலைதூக்கி மூச்சு வாங்குவதைப் போல, குழந்தையும் இரு வலிகளுக்கு இடையிலுள்ள ஓய்வில்தான் உயிர்வளியை நிறைவாகப் பெறுகிறது.

30 நிமிடங்கள் கவனிக்கையில், சராசரியாக 10 நிமிடங்களுக்கு 5 முறைக்கு மேல் வலி வருமாயின் அது மிகையாகும். வலியைத் தூண்டும் மருந்துகளாலும் இந்நிலை ஏற்படலாம், தானாகவும் ஏற்படலாம். நிமிடத்திற்கு 110 முதல் 160 வரை இருக்கவேண்டிய குழந்தையின் இதயத் துடிப்பு அப்போது தாழக்கூடும்.

மருத்துவமனையில் செய்யப்படுவன

முதலில், வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தால் அது நிறுத்தப்படும். தாய் இடப்பக்கமாகப் படுக்க வைக்கப்படுவார். இவற்றால் துடிப்பு சீராகாவிடில், டெர்பியூட்டலின் என்னும் மருந்து 0.25 மில்லிகிராம் அளவில் தோலுக்கடியில் ஊசி மூலம் செலுத்தப்படலாம். ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் அதே மருந்து கருப்பைத் தசையையும் தளர்த்துகிறது. பனிக்குடம் உடைந்து தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னே சரிந்துவிட்டால், அறுவைக்கூடம் ஆயத்தமாகும் வரையிலும் இது கைகொடுக்கும்.

இது நோவை மறக்கச் செய்யும் மருந்தன்று. பிரசவத்தை நாள் தள்ளிப் போடுவதும் இதன் நோக்கமன்று. குழந்தைக்குச் சிறிது நேர ஓய்வு தருவதே இதன் பணி. ஓய்வுக்குப் பின் துடிப்பு சீரானால் இயல்பான பிரசவம் தொடரலாம்; சீராகாவிடில் அறுவை தேவைப்படும்.

கவனிக்க வேண்டியவை

இம்மருந்தால் தாய்க்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், இரத்தத்தில் சர்க்கரை கூடவும் கூடும். ஆகவே இதய நோய், நீரிழிவு, தைராய்டு கோளாறு உள்ளவர்கள் அதனை முன்னரே தாதியிடம் கூறவேண்டும். பிள்ளை பிறந்தபின் கருப்பை நன்கு இறுகினால்தான் உதிரப்போக்கு அடங்கும். எனவே அப்போதும் தாய் கண்காணிக்கப்படுவார். நச்சுக்கொடி முன்னதாகவே பிரிந்து உதிரம் பெருகும்போது, வலியைக் குறைத்துக் காத்திருப்பது ஆபத்தாகும்.

குறைமாதப் பிரசவத்தைத் தடுக்க இம்மருந்தை நெடுநாள் கொடுக்கலாகாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011-இல் எச்சரித்தது. கடும் இதயக் கோளாறுகளும் தாய்மார் மரணங்களும் நேர்ந்ததே அதற்குக் காரணம். எனவே, இது வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் மருந்தன்று.

வீட்டிலுள்ளோர் கடமை

வலியை விரைவுபடுத்துவதற்காக ரும்புட் பாத்திமா ஊறிய நீரையோ வேறு மூலிகைக் கஷாயத்தையோ கொடுக்காதீர்கள். அளவறியாது கொடுக்கும் இத்தகைய பொருள்கள் வலியை மிகையாக்கிக் குழந்தையின் ஓய்வைப் பறிக்கக்கூடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் ஏச்சுக்கு அஞ்சி மறைக்காதீர்கள். மருத்துவமனையை அடைந்ததும் தாதியிடம் சொல்லிவிடுங்கள். வலிக்கு இடையே வயிறு தளராமல் இறுகியே இருந்தாலோ, உதிரம் பெருகினாலோ, தொப்புள்கொடி வெளியே தெரிந்தாலோ ஒரு கணமும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பிள்ளை பிறக்க வலி தேவை. அப்பிள்ளை உயிரோடு பிறக்க ஓய்வும் தேவை. தாய்மார்களும் அவர்தம் குடும்பத்தாரும் இதனை என்றும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.