ஓடைக்கரையில் ஓர் இரவு

சுற்றத்தாரோடு கூடி வாழ்தல் தமிழர் போற்றி வந்த நன்னெறிகளுள் ஒன்று. திருவள்ளுவர் இதன் பெருமையைச் ‘சுற்றந்தழால்’ என்னும் தனி அதிகாரத்தில் வகுத்துரைத்துள்ளார். திருக்குறளின் 53ஆம் அதிகாரம் அது. தழுவுதல் என்பது அன்பினால் அணைத்துக்கொள்ளுதல். அருகில் இருப்பவரைத் தழுவலாம். தொலைவில் இருப்பவரை எவ்வாறு தழுவுவது? பிழைப்பை நாடி உடன்பிறந்தார் நால்வர் நான்கு ஊர்களில் வாழ்கின்றனர். உழவு, தொழில், குழந்தைகளின் கல்வி, முதியோர் பேணல் என்று ஓய்வின்றி நாள்கள் கழிகின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் காண்பதே அரிதாகி விடுகின்றது.

இக்குறையை நீக்கத் தென்பாண்டி நாட்டு மக்கள் ஒரு வழி கண்டனர். பங்குனி உத்திரத்தன்று தம் குலதெய்வமாகிய சாத்தாவின் கோயிலில் குடும்பத்தோடு கூடுவதே அவ்வழி. பின்பனி கழிந்து இளவேனில் தலைகாட்டும் பருவம் அது. அறுவடை முடிந்து உழவர் சற்றே இளைப்பாறும் காலமும் ஆகும். ஐயனார் என்றும் வழங்கப்பெறும் சாத்தாவின் கோயில்கள் பெரும்பாலும் ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் மலையடிவாரத்திலும் அமைந்திருக்கக் காணலாம். இராசபாளையத்திற்கு மேற்கே மலையடியில் உள்ள ஐயனாருக்கு ‘நீர்காத்த ஐயனார்’ என்பதே பெயர். பொதிகைமலைச் சாரலில், காரையாற்றில் எழுந்தருளியுள்ள சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கு ஆடி அமாவாசையில் செல்லும் குடும்பங்கள், ஆற்றங்கரையில் குடில் அமைத்துப் பல நாள் தங்கி வருவது முன்னாளைய வழக்கம்.

எங்கள் ஊர் கான்சாபுரம். திருவில்லிபுத்தூர்ப் பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த சிற்றூர். இப்பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் ஓடைகள் ஒன்றுகூடி அருச்சுனா நதியாகி, பின்னர் வைப்பாற்றோடு கலந்து மன்னார் வளைகுடாவை அடைகின்றன. அவ்வோடைகளுள் ஒன்றன் கரையில் எங்கள் குலதெய்வத்தின் சிறு கோயில் இருந்தது. 1973ஆம் ஆண்டு, நான் ஏழாம் வகுப்பில் பயின்றபோது, அங்குக் கழித்த ஓர் இரவை இன்றளவும் மறந்திலேன்.

உத்திரத்திற்கு முன்னாளே மூன்று வண்டிகள் பூட்டப்பெற்றன. அரிசி, பருப்பு, புளி, கருப்பட்டி, வெண்கலப் பானைகள், ஓலைப்பாய்கள், அரிக்கேன் விளக்குகள் ஆகியன வண்டியில் ஏறின. பாட்டனாரும் பாட்டியாரும் முன் வண்டியில் அமர்ந்தனர். பெரியப்பா மதுரையிலிருந்து வந்திருந்தார். சிற்றப்பா படையிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். சாத்தூருக்கு அப்பால் கரிசல் நிலத்துச் சிற்றூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தையும் தம் மகளோடு வந்திருந்தார், மாமா வரவில்லை. ‘வேலை மிகுதி’ என்றார் அத்தை. தேர்வு நெருங்கியிருந்தமையால் நான் ஒரு புத்தகத்தை எடுத்துச் சென்றேன். அதனைத் திறந்தேன் என்று சொல்ல இயலாது.

ஓடையில் நீர் கணுக்காலளவே ஓடிற்று. இரு மருங்கும் வெண்மணல் பாய் விரித்தாற்போல் கிடந்தது. இளைஞர்கள் அம்மணலிலேயே படுக்க விரும்பினர். பாட்டனார் இசைந்தாரல்லர். “மணல் ஆற்றுக்கு உரியது, மேடு நமக்கு உரியது” என்று கூறி, கரைமேல் மருதமரங்களின் அடியில் அடுப்புக் கூட்டச் செய்தார். மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்தோம். பெண்டிர் சமைக்க, ஆடவர் விறகு கொணர, சிறுவர் இலை தைக்க, எல்லார்க்கும் ஒரு வேலை இருந்தது. வேலை செய்யும் கைகள் ஓய்வதில்லை. ஆயின், வாய்கள் பேசுதற்கு ஓய்வு பெற்றிருந்தன. ஓராண்டுச் செய்தி முழுவதும் அங்கே பரிமாறப்பட்டது. யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருடைய கிணறு வறண்டது, யாருக்கு வேலை உயர்வு வந்தது என்பனவெல்லாம் அடுப்பங்கரையில் கேட்டறிந்தோம்.

பொழுது சாயும் வேளை. எங்கள் தலைக்குமேல் வானம் தெளிந்திருந்தது. மேற்கே மலைமுடியில் மட்டும் கார்முகில் திரண்டு நின்றது. பாட்டனார் ஓடைக்கரைக்குச் சென்று நீரையே நோக்கி நின்றார். தெளிந்திருந்த நீர் செம்மண் நிறம் கொள்ளத் தொடங்கிற்று. சருகுகளும் சிறு குச்சிகளும் மிதந்து வந்தன. உடனே அவர் உரத்த குரலில், “மணலில் உள்ளவர் அனைவரும் மேலேறுங்கள்! பாய் கிடந்தால் கிடக்கட்டும், பிள்ளைகளைப் பற்றிக்கொள்ளுங்கள்!” என்றார். சிற்றப்பா சிரித்தவாறே, “இங்கு ஒரு துளிகூட விழவில்லையே, அப்பா?” என்றார். “இங்கு விழவேண்டுவதில்லை; மேலே விழுந்தது போதும். நீர் கலங்கினால் மலையில் மழை” என்றார் பாட்டனார்.

நாங்கள் மேடேறிச் சிறிது நேரமே ஆகியிருக்கும். தொலைவில் தேர் உருள்வது போன்றதோர் ஓசை எழுந்தது. அடுத்த சில நொடிகளில் செந்நீர் மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு பாய்ந்து வந்தது. நாங்கள் தோண்டிய ஊற்று மறைந்தது. விளையாடிய மணல் மறைந்தது. மறந்துவிட்டு வந்த பாய்கள் இரண்டும் போன இடம் தெரியவில்லை. சிற்றப்பா ஒன்றும் பேசாமல் பாட்டனாரின் அருகில் வந்து நின்றார்.

அன்றிரவு யாருக்கும் உறக்கம் வரவில்லை. வெள்ளத்தின் ஓசையைக் கேட்டவாறு தீயைச் சூழ்ந்து அமர்ந்திருந்தோம். நெடுநேரம் கழிந்தபின், பாட்டியார் அத்தையின் கையைப் பற்றி மெல்ல வினவினார்:

“மகளே, உங்கள் அப்பா நீரைப் பார்த்தார். நான் காலை முதல் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் வீட்டில் என்ன நடக்கிறது?”

அத்தை முதலில், “நலந்தான், அம்மா” என்றார். திங்கள்தோறும் அவரிடமிருந்து வரும் கடிதத்திலும் அச்சொல்லே இருந்தது. ‘இவ்விடம் அனைவரும் நலம்’ என்பதே அதன் முதல் வரி. அதுவே இறுதி வரியும் ஆகும். ஆனால், அன்றிரவு அச்சொல் பாதியிலேயே உடைந்தது. அத்தை அழுதார். இரண்டாண்டுகளாகப் பருத்தி விளையவில்லை, கடன் ஏறிவிட்டது, மாமா வராததற்குக் காரணம் வேலையன்று, நாணமே. மகளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி, தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றுக்கு அனுப்பிவிட்டனர். விடியுமுன் வண்டி வரும். இருட்டியபின் வீடு திரும்புவாள்.

அப்பொழுதுதான் அவள் விரல்களைத் தீயொளியில் கண்டேன். தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கி அடுக்கி அவை தடித்திருந்தன. அவளுக்கு என் வயது. பகலில் நான் திறவாமல் வைத்திருந்த என் புத்தகத்தை அவளே எடுத்து, நெடுநேரம் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு நினைவு வந்தது.

சிவகாசிப் பகுதியில் தீப்பெட்டித் தொழில் 1923ஆம் ஆண்டில் தோன்றியது. வானம் பார்த்த அந்நிலத்தில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்ட தொழில் அது. ஆயினும், வறுமையின் காரணமாகக் குழந்தைகளின் கைகளும் அதில் ஈடுபடுத்தப்பட்டன. குழந்தைத் தொழிலைத் தடுத்து ஒழுங்குசெய்யும் சட்டம் 1986ஆம் ஆண்டில் வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிய சட்டமோ 2009ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. 1973ஆம் ஆண்டில் என் அத்தை மகளுக்குச் சட்டம் துணை வரவில்லை. சுற்றமே துணை வந்தது.

பாட்டனார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “நாங்கள் உயிரோடிருக்க, நீ ஏன் அம்மா எழுதவில்லை?” என்று மட்டும் கேட்டார். எவரும் அத்தையைக் கடிந்து பேசவில்லை. மாமாவைப் பழிக்கவும் இல்லை. விடிவதற்குள் முடிவு செய்யப்பட்டது. கடனில் ஒரு பங்கைப் பெரியப்பா ஏற்றார். மற்றொரு பங்கைத் தம் ஊதியத்திலிருந்து அனுப்புவதாகச் சிற்றப்பா உரைத்தார். என் தந்தையார், “குழந்தை எங்கள் வீட்டில் இருந்து படிக்கட்டும்” என்றார். என் அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை; எழுந்து சென்று, தம் போர்வையை அவள்மேல் போர்த்தினார். சொல்லினும் அச்செயலே உறுதி தருவதாயிற்று.

காலையில் வெள்ளம் வடிந்திருந்தது. பொங்கலிட்டு வழிபட்டோம். திரும்பும்போது அத்தை மகள் எங்கள் வண்டியில் ஏறினாள். சூன் திங்களில் பள்ளியில் சேர்ந்தாள். ஆறாம் வகுப்பில் தன்னினும் இளையோருடன் அமர அவள் நாணவில்லை. பிற்காலத்தில் செவிலியர் பயிற்சி பெற்று, அரசு மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வு பெற்றாள்.

பாட்டனாரின் எச்சரிக்கை எத்துணை இன்றியமையாதது என்பதைப் பிற்கால நிகழ்ச்சி ஒன்றும் உணர்த்திற்று. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில், அமாவாசையை ஒட்டிச் சதுரகிரி மலைக்குச் சென்றோர் திடீர் வெள்ளத்தில் அகப்பட்டனர், சிலர் உயிரிழந்தனர். அதன்பின் மலையேறுவதற்கும் அங்குத் தங்குவதற்கும் கட்டுப்பாடுகள் விதிக்கப்பெற்றன. இக்காடுகள் அரிய உயிர்களுக்கும் உறைவிடம் ஆகும். சாம்பல்நிற மலையணிலைக் காக்க 1988ஆம் ஆண்டில் இங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது. கிளையோடு கிளை பின்னிய நெடுமரங்களின்மீதே அவ்வணில் வாழும். ஒரு மரம் வீழ்ந்தால் அதன் வழியே அறுபடும். 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் பகுதி நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பெற்றது. ஆகவே, முன்போல் காட்டில் அடுப்பு மூட்டுவதும் இரவு தங்குவதும் இன்று தகா. முதியோர் சிலர் இதற்கு வருந்துவர். எனக்கும் அவ்வருத்தம் உண்டு. ஆயினும், மணல் ஆற்றுக்கு உரியது என்ற பாட்டனார், காடு விலங்குக்கு உரியது என்பதனையும் மறுத்திரார்.

இன்று எங்கள் குடும்பத்தார் காலையில் கட்டுச்சோற்றுடன் சென்று, வழிபட்டு, பொழுதிருக்கவே திரும்புகின்றனர். ஆனால், அவ்விரவை நாங்கள் இழந்துவிடவில்லை. கான்சாபுரத்துப் பழைய வீட்டின் முற்றத்தில் பாய்களை விரித்து, கைப்பேசிகளை ஒருபுறம் வைத்துவிட்டு, நள்ளிரவு வரையில் பேசியிருக்கிறோம். சென்ற ஆண்டும் அம்முற்றத்தில் ஒருவர் ‘நலந்தான்’ என்று தொடங்கினார். அவர் பக்கத்தில் அமர்ந்திருந்தவள், பாட்டியாரைப் போலவே, அவர் கையைப் பற்றினாள். அவள் வேறு யாருமல்லள். அன்று எங்கள் வண்டியில் ஏறிய அத்தை மகளே.

மாணவர்களே! இக்காலத்தில் செய்தி விரைந்து செல்கின்றது. ஒரு நொடியில் ‘நலமா?’ என்று வினவலாம். மறுநொடியில் ‘நலம்’ என்று விடை பெறலாம். அவ்விடை மெய்யாகவும் இருக்கலாம். துன்பத்தை மறைக்கும் திரையாகவும் இருக்கலாம். நீர் கலங்கியதை அறியக் கரையில் நின்று பார்த்தல் வேண்டும். நெஞ்சம் கலங்கியதை அறிய அருகில் அமர்ந்து பார்த்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் சுற்றத்தாரோடு கூடுங்கள். விருந்துண்டு உடனே எழுந்து விடாதீர்கள். சற்றே அமர்ந்திருங்கள், அவர்கள் மனந்திறந்து பேசும் வரையில் பொறுத்திருங்கள்.