முதுகில் ஊசியா, முழு மயக்கமா?

அன்புள்ள மலர்விழிக்கு,

பிரிஎக்ளாம்ப்சியா என்ற கர்ப்பகால ரத்த அழுத்த நோய் முற்றிய தாய்க்கு சிசேரியன் என்றால் எந்த மயக்கம் கொடுப்பது என்று கேட்டிருந்தாய். தடையில்லாதவரை ஸ்பைனல்தான், அதாவது முதுகில் போடும் ஊசி.

ரத்த அழுத்தம் 160/110-ஐத் தொட்ட தாய்க்கு ஸ்பைனல் போட்டால் அழுத்தம் கிடுகிடுவென இறங்கிவிடும் என்று ஒரு காலத்தில் பயந்தார்கள். ஆராய்ந்து பார்த்ததில், மற்ற கர்ப்பிணிகளைவிட இவர்களுக்கு இறக்கம் குறைவு என்றே தெரிந்தது. இறங்கினாலும் ஃபினைல்எஃப்ரினைச் சிறிது சிறிதாகக் கொடுத்துச் சரிசெய்யலாம். சலைனை மட்டும் தாராளமாக ஏற்றிவிடாதே. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

முழு மயக்கத்தில் ஆபத்து இரண்டு வழிகளில் வரும். நாக்கும் தொண்டையும் வீங்கியிருப்பதால் லாரிங்கோஸ்கோப்பை வைத்தாலும் குரல்வளை கண்ணுக்குப் படாமல் போகலாம். குழாயை நுழைக்கும்போது அழுத்தம் சட்டென்று ஏறி, மூளையில் ரத்தக்கசிவு ஏற்படலாம்.

ஆனாலும் சிலருக்கு அதுதான் வழி. வலிப்பு வந்து நினைவு தெளியாதவர், ரத்தம் உறையாதவர், மூச்சுத்திணறிப் படுக்க முடியாதவர் ஆகியோருக்கு ஸ்பைனல் கூடாது. தட்டணுக்கள் 70,000-க்குக் கீழே இறங்கியிருந்தாலும் பொதுவாகத் தவிர்ப்போம். ஊசி பட்டுத் தண்டுவடத்தருகே ரத்தம் கட்டினால் கால்கள் செயலிழக்கலாம். பிரிஎக்ளாம்ப்சியாவின் கடுமையான வடிவமான ஹெல்ப் சிண்ட்ரோமில் தட்டணு எண்ணிக்கை மளமளவென்று சரியலாம். நேற்றைய ரிப்போர்ட்டை நம்பி ஊசியை எடுக்காதே.

முழு மயக்கம் என்று முடிவானால், முதலில் லேபெடலால் போன்ற மருந்தால் அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவா. வழக்கத்தைவிடச் சிறிய குழாய்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள். வலிப்பைத் தடுக்கக் கொடுக்கும் மெக்னீசியம் சல்பேட்டை அறுவையின்போதும் நிறுத்தக் கூடாது. ஆனால் அது தசைத்தளர்த்தி மருந்தின் வேலையை நீட்டித்துவிடும். தசைபலம் முழுதும் திரும்பியதைக் கருவியால் பார்த்த பிறகே குழாயை எடு.

எந்த மயக்கமானாலும், குழந்தை பிறந்ததும் கருப்பையைச் சுருங்கவைக்கும் மெதர்ஜினைப் பழக்கதோஷத்தில் யாரும் போட்டுவிடாமல் பார்த்துக்கொள். அது அழுத்தத்தை ஏற்றிவிடும். ஆக்சிடோசினை மெதுவாகச் செலுத்தினால் போதும்.

தியேட்டரிலிருந்து அழைப்பு வரட்டும் என்று காத்திருக்காதே. இப்படியொரு தாய் பிரசவ வார்டுக்கு வந்ததுமே போய்ப் பார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார். தட்டணுக்களின் எண்ணிக்கையைக் கேள். பிரசவ வலி தொடங்கியிருந்தால், எண்ணிக்கை நன்றாக இருக்கும்போதே எபிடியூரல் குழாயை வைத்துவிடலாம். பின்னால் சிசேரியன் தேவைப்பட்டால் அதன் வழியாகவே மருந்தைக் கூட்டிக் கொடுக்கலாம். முன்கூட்டிப் போய்ப் பார்ப்பவருக்கே தேர்ந்தெடுக்க வழி இருக்கும். கடைசி நேரத்தில் ஓடுபவருக்குப் பெரும்பாலும் முழு மயக்கம்தான் மிஞ்சும்.

அன்புடன்,
பெரியம்மா