அரைப் பென்னி ராணி

கேள்வி: பழைய ஆல்பம் ஒன்றில் மங்கிய ரோஜா நிறத்தில், விக்டோரியா ராணி முகத்தோடு ஒரு சின்ன நியூசிலாந்து தபால்தலை இருக்கிறது. அதில் ‘நியூஸ்பேப்பர்’ என்று அச்சாகியிருக்கிறது. பத்திரிகைக்கென்று தனித் தபால்தலையா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆமாம். நியூசிலாந்து பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோது, 1873 ஜனவரியில் பத்திரிகைக்கான தபால் கட்டணம் அரைப் பென்னி ஆனது. அதற்காக வந்த தலை இது. ஊருக்கு ஊர் தொலைவாக இருந்த தேசம். செய்தித்தாள் தபாலில்தான் போயாக வேண்டும்.

விலை அதிகம் கிடைக்குமா என்றுதானே அடுத்து கேட்பீர்கள்? தனித் தலை பெரும்பாலும் சாதாரணம்தான். அபூர்வமானது, அது ஒட்டப்பட்ட காகித உறை. பேப்பரைப் பிரித்தவர்கள் உறையைக் கிழித்து அடுப்பில் போட்டிருப்பார்கள். காதல் கடிதத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பவர்கள் உண்டு, பேப்பர் சுற்றிய தாளை யார் வைப்பார்கள்! முழு உறை கிடைத்தால் தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள். அப்படியே வையுங்கள்.

உங்கள் தலையைக் கறுப்புத் தட்டில் கவிழ்த்துப் போட்டு, காகிதத்துக்குள் இருக்கும் நீர்க்குறியைத் தேடுங்கள். முதலில் ‘என் இஸட்’ எழுத்துகள், 1875இலிருந்து நட்சத்திரம். முதல் அச்சில், தாளில் குறி விழாத இடத்தில் அமைந்த தலைகளும் உண்டு. ஆகவே குறி தெரியவில்லை என்பதற்காகப் போலி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். துளை விளிம்பு நான்கு பக்கமும் முழுசாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கத்தரிக்கோல் பட்டதென்றால் மதிப்பு போச்சு.